ராணி எப்போது படுக்கிறாள்?

கேள்வி:

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் காடு இருக்கிறது. இரண்டு ஏக்கர் மரவள்ளி, ஓரமாக வீடு, அதை ஒட்டி ஒரு கொட்டகை. என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை ஊர்வலம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று குதிரையை வாடகைக்கு ஓட்டுகிறார். இருப்பது ஒரே ஒரு குதிரைதான். வெள்ளைப் பெட்டை, பெயர் ராணி. ஆறு வருஷத்துக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கினோம். இப்போது அதற்குப் பத்து வயதிருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு நாய்க்குட்டி நனைந்துகொண்டு வந்து ராணியின் கொட்டகையில் ஒண்டியது. பிறந்து ஐந்தாறு வாரம்தான் ஆகியிருக்கும். சாதாரண நாட்டு நாய். கருப்பன் என்று பெயர் வைத்தோம். அன்றிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ராணி மேயப் போனால் இவனும் போவான். தண்ணீர்த் தொட்டியில் இரண்டும் ஒன்றாகவே வாய் வைக்கும். ராணி வாடகைக்குப் போய்த் திரும்பும்போது வண்டிச் சத்தம் கேட்டதுமே இவன் ரோட்டுக்கு ஓடுவான். வண்டிக்குள்ளிருந்து அது கனைக்கும். தெருநாய் எதுவும் கிட்டே வந்தால் ராணி காலை உதறும். கருப்பன் அதன் வயிற்றுக்குக் கீழேயே படுத்திருந்தாலும் ஒன்றும் செய்யாது.

“அய்யனார் கோயில் குதிரையும் நாயும் மாதிரியே இருக்குதுங்க பாரு” என்கிறார் என் மாமியார். “லத்தி தின்னத்தான் அது சுத்துது அண்ணி, நீங்க வேற!” என்று கொழுந்தனார் சிரிக்கிறார். யார் சொல்வது சரி? உண்மையிலேயே நட்பு என்று ஒன்று இருக்கிறதா? என்றைக்காவது ராணி உதைத்துவிடுமா? ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நோய் ஒட்டுமா? கருப்பனை மலை ரோட்டில் ராணியோடு ஓடவிடலாமா? கடைசியாக ஒன்று. வருகிற ஆடிக்கு ராணியை விற்றுவிட்டு இன்னும் உயரமான குதிரையாக வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். பிரித்தால் என்ன ஆகும்?

கருப்பன் வருவதற்கு முன்னால் ராணி படுத்து நான் பார்த்ததே இல்லை. முன்னங்கால் முட்டியில் அடிக்கடி சிராய்ப்பும் இருக்கும். இப்போது அதெல்லாம் இல்லை. சந்தோஷமாக இருப்பதால்தானோ என்னவோ.

— ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்


பதில்:

அன்புள்ள அம்மா, நீங்கள் வரிசையாகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சாவி, நீங்கள் கேள்வியாகவே கேட்காத அந்தக் கடைசிப் பத்தியில் இருக்கிறது. ராணி படுக்கிறது, முட்டியில் காயம் இல்லை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கால்நடை மருத்துவனின் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மூட்டுகளைப் பூட்டுப் போட்டதுபோல நிறுத்திவைக்கும் தசைநாண் அமைப்பு ஒன்று அதன் கால்களில் இருக்கிறது. அதனால் தசைக்கு அதிக வேலையில்லாமல் நின்றபடியே கண்ணயர முடியும். ஆனால் அது கோழித்தூக்கம். நமக்குக் கனவு வரும் நேரத்தில் உடம்பு முழுக்கத் துவண்டுபோகிறதே, அந்த ஆழ்ந்த தூக்கம் குதிரைக்கும் தேவை. அது வரும்போது கால் பூட்டு நிற்காது. கட்டாயம் படுத்தாக வேண்டும். நாள் முழுவதும் சேர்த்தால் குதிரை தூங்குவது மூன்று, நான்கு மணி நேரம். அதில் இந்தப் படுத்த தூக்கம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். பெரும்பாலும் நடுநிசிக்கு மேல். அளவில் சிறியது என்றாலும் அது இல்லாமல் குதிரையால் காலம் தள்ள முடியாது.

குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. 350 கிலோ எடையுள்ள ஓர் உடம்பு, படுத்த நிலையிலிருந்து எழுந்து பாய்ச்சல் எடுப்பதற்குச் சில நொடிகள் ஆகும். காட்டில் அந்தச் சில நொடிகளில் உயிர் போய்விடும். அதனால் கூட்டமாக வாழும் குதிரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் படுப்பதில்லை. சில படுக்கும்போது ஒன்றாவது நின்று காவல் பார்க்கும். அப்புறம் முறை மாறும். தனியாக வளரும் குதிரைக்கு இந்தக் காவல் இல்லை. கொட்டகைக்குக் கதவு இருக்கிறது, எஜமானர் திண்ணையில் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் நம் கணக்கு. அதன் ரத்தத்தில் ஊறியிருப்பது வேறு கணக்கு. பயந்த குதிரை படுக்காமலே பல நாள் ஓட்டும். ஒரு கட்டத்தில் நின்றபடியே ஆழ்ந்த தூக்கம் வந்து அமுக்கும். முன்னங்கால் மடங்கி, முட்டியோ அதற்குக் கீழே குளம்புக்கு மேலுள்ள மூட்டோ தரையில் மோதும், திடுக்கிட்டு எழும். முன்பெல்லாம் நீங்கள் கண்ட சிராய்ப்பு அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். சந்தோஷத்தால் காயம் ஆறவில்லை, அம்மா. தூக்கம் கிடைத்ததால் ஆறியது.

தூக்கம் எப்படிக் கிடைத்தது? காவலுக்கு ஆள் வந்தது. ஐந்து வாரக் குட்டியாக வந்து ஒண்டிய கருப்பன் வளர்ந்து, ராத்திரி எலி ஓடினாலும் தலையைத் தூக்கிப் பார்க்கிற நாயாகிவிட்டான். அவன் காதுகளையும் மூக்கையும் ராணி நம்பத் தொடங்கிவிட்டது. அவன் குரைக்காமல் படுத்திருக்கிறான் என்றால் ஊர் அமைதியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள். காணாமல் போன கூட்டத்தில் நின்று காவல் பார்க்க வேண்டிய இன்னொரு குதிரையின் இடத்தை ஒரு நாய் எடுத்துக்கொண்டது. நட்பு உண்டா என்று கேட்டீர்கள். தான் கண்ணை மூடும்போது பக்கத்தில் இருக்க யாரை நம்புகிறோமோ அவரை நண்பர் என்று சொல்லலாம் என்றால், உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. படுக்காத குதிரை எல்லாமே பயந்த குதிரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூட்டுவலி இருந்தாலும், தரை கல்லும் ஈரமுமாக இருந்தாலும், புரள இடம் போதாவிட்டாலும் குதிரை படுக்காது. ராணி மறுபடியும் படுப்பதை நிறுத்தினால் கருப்பனைக் காரணம் காட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கொழுந்தனார் சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன். அவர் சொன்னதில் பாதி சரி. நாய்க்குக் குதிரை லத்தி பலகாரம் மாதிரி. பாதி செரித்த தானியமும் புல்லும் அதில் இருக்கின்றன. லாடம் அடிப்பவர் வந்து குளம்பைச் சீவும்போது பாருங்கள், அந்தச் சீவலுக்காகக் கருப்பன் அவர் காலடியிலேயே தவம் கிடப்பான். ஊறவைத்த கொள்ளு சிந்தினால் அதையும் நக்குவான். கொட்டகையின் கதகதப்பும் ஒரு காரணம். ஆனால் லத்திக்காக வருகிற நாய் லத்தியைத் தின்றுவிட்டுப் போய்விடும். தெருநாய்களும் அதற்குத்தான் வருகின்றன. ராணி அவற்றை அண்டவிடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கருப்பன் ஏன் வேறு என்பதற்கு விடை அவன் வந்துசேர்ந்த வயதில் இருக்கிறது. நாய்க்குட்டிக்குப் பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை ஒரு பருவம் உண்டு. யார் நம்மவர், யார் அயலார் என்று அதன் மூளை எழுதிவைத்துக்கொள்ளும் பருவம் அது. அந்த நாட்களில் ஆட்டுக்கிடையில் வளர்ந்த குட்டி, பெரியவனானதும் ஆடுகளைத் தன் சொந்தமாக நினைத்துக் காவல் காக்கும். கிடைநாய்கள் உருவாவது இப்படித்தான். கருப்பன் அந்தப் பருவத்தில் கண் விழித்துப் பார்த்ததெல்லாம் நான்கு வெள்ளைக் கால்களை. அவன் கணக்கில் ராணி ஒரு பெரிய நாய்; ராணியின் கணக்கில் அவன் ஒரு சின்னக் குதிரை. இரண்டு கணக்கும் தப்பு என்றாலும் விடை சரியாக வந்திருக்கிறது.

இரண்டும் பேசிக்கொள்வது எந்த மொழியில் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், உதைக்குமா என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. நாய் விளையாடக் கூப்பிடும்போது முன்னங்காலை நீட்டிக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஆட்டும். குதிரை குனிந்து கூப்பிடாது. தலையை ஆட்டும், துள்ளும், செல்லமாகக் கடிக்க வரும். மொழி வேறு, உருவம் வேறு, எடையில் இருபது மடங்கு வித்தியாசம். ஆனால் வாயைத் தளர்வாகத் திறந்து காட்டும் ஒரு முகபாவம் இரண்டுக்கும் பொது. ‘இது சண்டையில்லை, விளையாட்டு’ என்று அதற்குப் பொருள். இத்தாலியில் பீசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெட்டா பலாகி குழுவினர் நாயும் குதிரையும் விளையாடும் 20 காணொளிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அசைவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று அந்த முகத்தைக் காட்டியதும் மற்றது நொடிப் பொழுதில் அதே முகத்தைத் திருப்பிக் காட்டுவதைக் கண்டார்கள். 2020இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒருவர் சிரித்தால் எதிரில் இருப்பவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொள்கிறதே, அதைப் போன்றது அது. இனம் கடந்தும் தொற்றுகிறது என்பதுதான் அதில் புதுமை. அடுத்த முறை இரண்டும் களத்தில் ஓடும்போது வாலைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்.

உதையைப் பொறுத்தவரை, வேண்டுமென்று உதைக்கும் வாய்ப்பு குறைவு. தெரியாமல் உதைக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரிக்கு அதற்குப் பார்வை உண்டு. பார்க்க முடியாதது நேர் பின்னால் வாலுக்குக் கீழே உள்ள இடமும், மூக்குக்கு நேர் கீழே உள்ள சிறு இடமும். ஈ மொய்த்துக் காலை உதறும் நேரத்தில் கருப்பன் நேர் பின்னால் நின்றால் ராணிக்கு அது தெரியாது. ஒரு உதையில் நாயின் தாடை எலும்பு நொறுங்கிப்போகும். இரண்டு பழக்கங்களை மட்டும் முளையிலேயே கிள்ளிவிடுங்கள்: கருப்பன் ராணியின் பின்னங்காலைக் கவ்வ முயல்வது, தீனி வைக்கும் நேரத்தில் தொட்டிக்குள் தலை நீட்டுவது. தீனி நேரத்தில் அவனைத் தள்ளிக் கட்டி, அவனுக்கும் தனியாகச் சோறு வையுங்கள். எந்த நட்பும் சாப்பாட்டுத் தட்டில்தான் முதலில் சோதிக்கப்படும். ராணியின் காது பின்பக்கமாக மடங்கி கழுத்தோடு ஒட்டிவிட்டால் அது கோபம். அப்போது நீங்கள் குறுக்கே போகக் கூடாது, கருப்பனைத்தான் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டும்.

எல்லாக் குதிரையும் எல்லா நாயும் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1930களில் புகழ்பெற்றிருந்த பந்தயக் குதிரை சீபிஸ்கட்டின் கதையைச் சொல்கிறேன். டாம் ஸ்மித் என்ற பயிற்சியாளரிடம் அது வந்தபோது நரம்புத் தளர்ச்சிக்காரனைப் போல இருந்தது. லாயத்துக்குள் ஓயாமல் சுற்றிச் சுற்றி நடக்கும். உடம்பில் சதை ஒட்டவில்லை. துணை இருந்தால் அடங்கும் என்று நினைத்து, விஸ்கர்ஸ் என்ற ஆட்டை லாயத்துக்குள் விட்டார். பதற்றமான பந்தயக் குதிரைக்கு ஆட்டைத் துணை வைப்பது அங்கே பழைய வழக்கம். சீபிஸ்கட் அந்த ஆட்டைப் பல்லால் கவ்வி உலுக்கி வெளியே வீசிவிட்டது. ஸ்மித் விடவில்லை. பம்ப்கின் என்ற வயதான, எதற்கும் அசராத குதிரையைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அது ஒத்துப்போயிற்று. பின்னாலேயே போகடெல் என்ற தெருநாயும் ஜோஜோ என்ற குரங்கும் வந்து சேர்ந்தன. ராத்திரியில் சீபிஸ்கட் இவற்றோடுதான் படுத்துத் தூங்கியது. 1938 நவம்பர் 1 அன்று, அதைவிட உயர்ந்ததென்று கருதப்பட்ட வார் அட்மிரல் என்ற குதிரையை நேருக்கு நேர் ஓடித் தோற்கடித்தபோது உலகம் அதன் கால்களைக் கொண்டாடியது. அந்தக் கால்களுக்கு ராத்திரி ஓய்வு வாங்கித் தந்த கூட்டத்தில் பெயர் தெரிந்த ஒரு தெருநாயும் இருந்தது.

இங்கிலாந்தில் குதிரை வண்டிகளோடு ஓடுவதற்கென்றே புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களை வளர்த்தார்கள். வழியில் வண்டிக்குக் காவல், இரவில் லாயத்தில் குதிரைக்குத் துணை. தீயணைப்பு வண்டிகளைக் குதிரைகள் இழுத்த காலத்தில் அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களிலும் அந்த நாய்களே இருந்தன. ஆக, உங்கள் கொட்டகையில் நடப்பது ஊரில் இல்லாத அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாய்களைப் பழக்கி, வேலைக்கென்று சேர்த்துவைத்தார்கள். உங்கள் வீட்டில் மழை சேர்த்துவைத்தது.

இப்போது உங்கள் மாமியாரிடம் வருகிறேன். நம் பக்கத்து மண் குதிரையையும் நாயையும் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கும் மண். இன்று உங்கள் மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர். செஞ்சிக்குப் போனால் தேசிங்குராஜனின் குதிரையைப் பற்றிப் பாடாத கதைப்பாட்டுக்காரர் இல்லை. நாய்க்கு வாருங்கள்: கல்வராயன் மலைக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுபிடிக்க வந்தவர்களோடு பொருது இறந்த வீரனுக்கு எடுத்த கல். வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய ஊர் நம் ஊர்.

ஆனால் அங்கெல்லாம் குதிரை தனி, நாய் தனி. இரண்டையும் ஒன்றாக நிறுத்தியவர் அய்யனார்தான். ஊர் எல்லையில், ஏரிக்கரையில், சுதையிலோ சுட்ட மண்ணிலோ ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் குதிரைகள். அவற்றின் கால்மாட்டில் நாய். ராத்திரியில் அவர் குதிரை ஏறி ஊர்க்காவல் சுற்றுவார், நாய்கள் கூட ஓடும் என்று நாம் குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தச் சிலையைச் செய்த குயவர் குதிரையின் தூக்கத்தைப் பற்றிப் படித்தவர் இல்லை. ஊர் தூங்க வேண்டுமானால் யாரோ விழித்திருக்க வேண்டும், விழித்திருப்பவை இந்த இரண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கொட்டகையில் நான் கூடுதலாகக் காண்பது ஒன்றுதான்: அய்யனார் குதிரைக்குத் தூக்கமே கிடையாது, ராணிக்கு உண்டு. அந்த நேரத்தில் பாரா கருப்பனுடையது. ஆகவே உங்கள் மாமியாருக்கு முழு மதிப்பெண், கொழுந்தனாருக்குப் பாதி.

நோய் விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் ஆபத்து, கொழுந்தனார் சொன்ன அதே லத்தியில் இருக்கிறது. குதிரைக்குக் குடற்புழு நீக்க ஐவர்மெக்டின் பேஸ்ட் கொடுப்பார்கள். ஒரு குழாய் மருந்து சுமார் 600 கிலோ எடைக்கு அளவிட்டது. கருப்பன் 15 கிலோ இருந்தால் அதிகம். ராணி துப்பிய மருந்தை அவன் நக்கினாலோ, காலிக் குழாயைக் கடித்தாலோ தள்ளாட்டம், வலிப்பு, கண் தெரியாமல் போவது வரை போகலாம். கொடுத்த மருந்து பெரும்பாலும் லத்தியோடுதான் வெளியேறுகிறது. எனவே மருந்து கொடுத்த நாளிலிருந்து ஒரு வாரம் லத்தியை உடனுக்குடன் அள்ளிக் குழியில் போட்டு மூடுங்கள். அதுவரை கருப்பன் கயிற்றில் இருக்கட்டும்.

இரண்டாவது, சர்ரா. ரத்தத்தில் வாழும் ஓர் ஒட்டுண்ணி, கடிக்கும் பெரிய ஈக்கள் மூலம் பரவுகிறது. 1880இல் அன்றைய பஞ்சாபில் குதிரைகளும் ஒட்டகங்களும் மெலிந்து செத்தபோது, கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் அவற்றின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார். மாட்டின் உடம்பில் இது பெரும்பாலும் வெளியே தெரியாமல் இருந்துவிடும். குதிரைக்கும் நாய்க்கும் கொடியது. உங்களுடைய இரண்டு செல்லங்களையும் ஒரே ஈ கடித்துச் சாய்த்துவிட முடியும் என்பதால் சொல்கிறேன். ராணிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், அடிவயிற்றிலும் காலிலும் வீக்கம், தின்றாலும் மெலிவது; கருப்பனுக்குக் கண் நீலம் பூத்து மங்குவது, முகம் வீங்குவது என்று கண்டால் நாட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. மழைக்குப் பின் ஈ பெருகும் மாதங்களில் கொட்டகைக்குள் புகைமூட்டம் போடுவது நல்ல வழக்கம். சாணம், லத்தியைக் குவித்து வைக்காதிருப்பது அதைவிட நல்லது.

மூன்றாவது, தடுப்பூசிகள். கருப்பனுக்கு வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி. மலையடிவாரத்தில் ஊர் சுற்றும் நாய் அவன். அவனுக்கு வெறி வந்தால் முதல் கடி ராணிக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோதான். ராணிக்கும் ரேபிஸ் தடுப்பூசி போடலாம். டெட்டனஸ் ஊசியை மறக்கவே கூடாது. நம் வீட்டு விலங்குகளில் அந்த நோய்க்கு மிக எளிதாகப் பலியாவது குதிரை. பந்தல் ஆணி ஒன்று குளம்பில் ஏறினால் போதும். ஊர்வலத்துக்குப் போகும் குதிரைக்கு ஆணி எத்தனை இடத்தில் காத்திருக்கும் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது உங்கள் காட்டிலேயே விளைகிறது. மரவள்ளியின் பச்சைத் தழையிலும் பச்சைக் கிழங்குத் தோலிலும் சயனைடை வெளியிடும் நஞ்சு இருக்கிறது. ஆடு மாடு தின்று இறப்பதை உங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குதிரைக்கு இன்னும் ஒரு குறை: அதனால் வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போனது போனதுதான். கிழங்கு பிடுங்கும் நாட்களில் ராணியை அவிழ்த்துவிடாதீர்கள். கருப்பனும் பச்சைக் கிழங்கைக் கடித்து விளையாட வேண்டாம்.

மலை ரோட்டில் கூட ஓடவிடலாமா என்றால், பங்குனி முதல் ஆனி வரை வேண்டாம். மற்ற மாதங்களில் விடியற்காலையில் மட்டும், அதுவும் கொஞ்ச தூரம். குதிரைக்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்கும். அதனால் சூடு தணியும். நாய்க்கு நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் முக்கிய வழி. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை ஏற்றத்தில் ராணி பெருநடையில் போனால் கருப்பன் பின்தங்க மாட்டான். முடியவில்லை என்று நிற்கவும் மாட்டான், விழும்வரை ஓடுவான். அன்பு அவனுக்குச் செய்யும் கெடுதல் அது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறாகத் தொங்கினால் உடனே நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், காற்று, பிறகு மருத்துவமனை. ஊர்வலத்துக்கும் அவனைக் கூட்டிப்போக வேண்டாம். வெடிச்சத்தத்தில் நாய் மிரண்டால் குதிரையும் மிரளும். மேலே மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார்.

அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை கிடைக்கும். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் சின்னசேலத்தைத் தாண்டித் தலைவாசல் போங்கள். அங்கே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இனி, விற்பது பற்றி. உங்கள் குடும்பக் கணக்கில் தலையிட எனக்கு உரிமை இல்லை. குதிரை உங்களுக்குச் சோறு போடுகிறது. உயரமான குதிரைக்கு வாடகை கூடுதல் கிடைக்கும் என்றால் அது பெரிய விஷயம்தான். பிரித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன். ராணி சில நாள் கனைத்துக்கொண்டே வேலியோரம் நடக்கும், தீனி குறையும், புது இடத்தில் துணை இல்லாவிட்டால் பழையபடி நின்றே தூங்கும். வாங்கியவர் முட்டிக் காயத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்தோம் என்பார். கருப்பன் ரோட்டுக்கு ஓடி வண்டி பார்ப்பான், சோற்றைத் தொடாமல் கிடப்பான். இரண்டும் பெரும்பாலும் தேறிவிடும். வாரங்களிலோ மாதங்களிலோ என்பது துணை கிடைப்பதைப் பொறுத்தது. புதிதாக வரும் குதிரை கருப்பனை ஏற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. விஸ்கர்ஸ் ஆட்டுக்கு நேர்ந்தது அவனுக்கும் நேரலாம்.

என் யோசனை வேறு. ராணியை வைத்துக்கொண்டே இரண்டாவது குதிரை வாங்க முடியுமா என்று பாருங்கள். கருப்பன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஒரு குதிரை இன்னொரு குதிரைக்குச் செய்வதை அவனால் செய்ய முடியாது. இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடும். அந்த இடத்தில் சொறியும்போது குதிரையின் இதயத் துடிப்பே குறைகிறது என்று பிரான்சில் நடந்து 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டாவது குதிரை வரும்வரை அந்த வேலையை நீங்கள் செய்யலாம். தினமும் பத்து நிமிஷம் அந்த மேட்டில் விரலால் அழுத்திச் சொறிந்துவிடுங்கள். ராணி கீழுதட்டைத் தொங்கவிட்டு நிற்கும். சந்தையில் வாங்கினால் புதுக் குதிரைக்குக் கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மனிதருக்கும் தொற்றக்கூடிய அந்த நோயைச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இரண்டு, மூன்று வாரம் தனியாகக் கட்டிவைத்து, வேலிக்கு அப்பாலிருந்து முதலில் கருப்பனைப் பார்க்கவிடுங்கள். அவனைப் பார்த்து ராணி பதறாததைக் கண்டால் புதியது பாதிப் பாடம் படித்துவிடும்.

விற்பது என்றே முடிவானால், வாங்குகிறவரிடம் விலையைப் பேசி முடித்த கையோடு ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “இது தனியா இருந்தா படுக்காது, பக்கத்துல ஏதாவது உயிர் இருக்கணும்.” குதிரையின் சுழியையும் பல்லையும் பார்த்து வாங்குகிற சந்தையில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

அதற்கு முன் உங்கள் வீட்டுக்காரரை ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஊர்வலம் இல்லாத ஒரு ராத்திரி, இரண்டு மணி வாக்கில் எழுந்து, டார்ச் அடிக்காமல், செருப்புப் போடாமல் கொட்டகைப் பக்கம் போகட்டும். ராணி காலை மடக்கிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும்; கனவில் குளம்பு லேசாக உதறலாம். அதன் முதுகோரம் இருட்டோடு இருட்டாக ஒரு தலை உயரும். அவர்தான் என்று தெரிந்ததும் குரைக்காமல் மறுபடி தாழும். ஆடிச் சந்தைக்கு இன்னும் நாள் இருக்கிறது; அதைப் பார்த்துவிட்டு வந்து அவர் முடிவு செய்யட்டும்.